கைடுக்குக் கொடுக்கும் காசு ஆற்றோடு போகாமல் இருக்க

அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் மேடிசன் ஆற்றில் மீன் பிடிக்கப் படகோடு ஒரு கைடை முழுநாளுக்கு அமர்த்தினால், இரண்டு பேருக்குச் சேர்த்து 600 டாலருக்குக் குறைந்து கிடைப்பது கஷ்டம். 700-ஐத் தாண்டுவதும் உண்டு. டிப்ஸ், லைசென்ஸ், தங்குமிடம், பெட்ரோல் எல்லாம் தனி. இவ்வளவு கொடுக்கிறோமே, மற்றதை அவரே பார்த்துக்கொள்வார் என்றுதான் முதல் தடவை போகிறவர்கள் நினைப்பார்கள். பாதி சரி. ராடு என்ற தூண்டில் கம்பு, நரம்பு சுற்றும் ரீல், பொய்ப்பூச்சி, படகு, மதியச் சாப்பாடு, படகு ஏறிய இடத்தில் விட்டுவந்த வண்டியை இறங்கும் இடத்துக்குக் கொண்டுவர ஆள் பிடிப்பது வரை அவர் பொறுப்பு. மீதிப் பாதி நம் கையில். அதை வீட்டிலேயே முடித்துவிட்டுப் போகாவிட்டால், அந்த நாளின் காலைப்பொழுது முழுக்க வீசக் கற்றுக்கொள்வதிலேயே கழிந்துவிடும்.

போன செப்டம்பரில் நானும் என் மாமனாரும் போய்வந்தோம். சேரன்மகாதேவிக்காரர். தாமிரபரணியில் கம்பும் தங்கூசியும் தக்கையுமாக வளர்ந்தவர். பேத்தியைப் பார்க்க சால்ட் லேக் சிட்டிக்கு வந்தவருக்கு வீட்டுக்குள் பொழுது போகவில்லை. நான் சில வருஷங்களாக ஃப்ளை ஃபிஷிங் செய்கிறேன் என்றாலும், மேடிசன் மாதிரி வேகமான ஆற்றில் 68 வயதுக்காரரைக் கூட்டிக்கொண்டு நானாக இறங்க மனசில்லை. அதனால்தான் கைடு, அதனால்தான் படகு.

ஃப்ளை ஃபிஷிங் பழக்கமில்லாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நம் ஊர்த் தூண்டிலில் ஈயக்குண்டும் இரையும் கனம். அதை எறிந்தால் நரம்பு பின்னாலேயே போகும். இங்கே முள்ளில் இறகும் நூலும் மான் மயிரும் சுற்றிய பொய்ப்பூச்சிதான் இரை. அதற்கு எடையே கிடையாது. எடையெல்லாம் லைனில். பிளாஸ்டிக் பூச்சுள்ள தடித்த லைனை ராடால் பின்னுக்கும் முன்னுக்கும் வீசி, அந்த வேகத்தில்தான் பூச்சியைத் தண்ணீர்மேல் கொண்டுபோய் வைக்க வேண்டும். லைன் முனையில் சுமார் 9 அடிக்கு மெலிந்துகொண்டே போகும் லீடர், அதன் முனையில் டிப்பெட் என்ற மெல்லிய நரம்பு. டிப்பெட்டின் தடிமனுக்கு எக்ஸ் கணக்கு: 11-லிருந்து எக்ஸ் எண்ணைக் கழித்தால் வருவது ஆயிரத்தில் எத்தனை பங்கு அங்குலம் என்பது. 5எக்ஸ் என்றால் ஆயிரத்தில் 6 பங்கு, அதாவது 0.15 மில்லிமீட்டர். அதில்தான் ஒன்றரை அடி மீனை இழுக்க வேண்டும்.

இதையெல்லாம் சொன்னபோது மாமா முகத்தில் ஒரு மரியாதையும் இல்லை. "புழு இல்லாம மீன் எப்பிடி மாப்ள கடிக்கும்?" என்றார். கடித்த மீனையும் ஆற்றிலேயே விட்டுவிட வேண்டும் என்றதும், "துட்டையும் குடுத்துட்டு, மீனையும் விட்டுட்டு வரணுமா? இவனுவளுக்குக் கோட்டி கீட்டி புடிச்சிருக்கா?" பிறகு காலண்டரைப் பார்த்தார். புரட்டாசி. கவிச்சை தொடாத மாசம். "அப்போ சரிதான். நமக்கும் திங்க முடியாது, அவனுவளுக்கும் வேண்டாம்" என்று சமாதானமாகிவிட்டார்.

மேடிசன் பிறப்பது யெல்லோஸ்டோன் பூங்காவுக்குள், ஃபயர்ஹோல் ஆறும் கிப்பன் ஆறும் கூடும் இடத்தில். பூங்காவை விட்டு வெளியே வந்து ஹெப்கன் அணை, அதற்குக் கீழே குவேக் ஏரி. 1959 ஆகஸ்ட் 17 இரவு வந்த நிலநடுக்கத்தில் மலை சரிந்து ஆற்றை மறித்ததால் உண்டான ஏரி அது. 28 பேர் இறந்துபோனார்கள். நெடுஞ்சாலையில் போகும்போது தண்ணீருக்கு நடுவே பட்டமரங்கள் இன்னமும் நிற்பதைப் பார்க்கலாம். அங்கிருந்து என்னிஸ் ஊர் வரைக்கும் ஆழமான மடுக்கள் அதிகமில்லாமல், பாறைகள்மேல் சலசலத்து ஒரே ஓட்டமாக ஓடும். ஐம்பது மைல் நீளத்துக்கு ஒரே சலசலப்பு என்று அந்த ஊர்க்காரர்கள் சொல்வார்கள். நாம் மீன் பிடிக்கப் போவது இந்தப் பகுதியில்தான்.

இந்த ஆற்றுக்கு ஒரு வரலாறு உண்டு. பண்ணையில் வளர்த்த டிரவுட் மீனைக் கொண்டுவந்து விட்டால் ஆற்றில் மீன் பெருகும் என்று நினைத்துக்கொண்டிருந்த காலத்தில், அப்படி விடுவதால் ஏற்கனவே இருக்கும் காட்டு மீன்கள்தான் குறைகின்றன என்று காட்டிய ஆய்வு மேடிசனில் நடந்ததுதான். 1974-லிருந்து மொன்டானா தன் டிரவுட் ஆறுகளில் பண்ணை மீன் விடுவதை நிறுத்திவிட்டது. எனவே நம் முள்ளில் மாட்டுவது ஆற்றிலேயே பிறந்து வளர்ந்த மீன். பண்ணை மீனைப் போல ஏமாளி இல்லை.

எப்போது போவது என்பதைப் பூச்சிதான் தீர்மானிக்கும். ஜூன் கடைசி, ஜூலை தொடக்கத்தில் சால்மன்ஃப்ளை என்ற சுண்டுவிரல் நீளப் பூச்சி கரைக்கு ஏறி வரும். அப்போது மீன்கள் வெறிபிடித்துத் தின்னும், மனிதர்களும் அதே வெறியோடு படகுகளில் வரிசைகட்டி நிற்பார்கள். ஆகஸ்டில் வெட்டுக்கிளி. ஆனால் வெயில் காலத்தில் ஒரு தொல்லை உண்டு. ஆற்றுநீர் 73 டிகிரி ஃபாரன்ஹீட்டை, அதாவது சுமார் 23 டிகிரி செல்சியஸை, மூன்று நாள் தொடர்ந்து தொட்டால் மதியம் 2 மணியிலிருந்து நள்ளிரவு வரை மீன்பிடிக்கத் தடை போடலாம். டிரவுட் குளிர்ந்த நீர் மீன். சூடான நீரில் ஆக்சிஜன் குறைவு, பிடித்ததைத் திரும்ப ஆற்றில் விட்டாலும் பிழைப்பது கஷ்டம். தடை வந்தால் முழுநாள் கூலி கொடுத்து அரைநாள் பிடித்துவிட்டுத் திரும்ப வேண்டும், அல்லது விடியும் முன்பே கிளம்ப வேண்டும். செப்டம்பரில் இந்தப் பயம் குறைவு, கூட்டமும் குறைவு. முட்டையிடும் காலம் நெருங்குவதால் பிரவுன் டிரவுட் நல்ல நிறம் கட்டியிருக்கும், மூர்க்கமாகவும் இருக்கும். மேகமூட்டமான மதியங்களில் நீலச்சிறகு ஆலிவ் என்ற நெல்மணியளவுப் பூச்சி கூட்டமாக எழும். வயதானவரைக் கூட்டிப்போக இதைவிடத் தோதான மாதம் எனக்குத் தெரியவில்லை, காலைக் குளிரை மட்டும் சமாளித்துவிட்டால்.

இனி போன் பேச்சு. பதிவு செய்யும்போது கைடு கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்வி: எவ்வளவு அனுபவம்? இதற்கு யாரும் உள்ளதைச் சொல்வதில்லை. கொஞ்சம் ஏற்றித்தான் சொல்வார்கள். அதை நம்பி அவர் காற்றடிக்கும் அகலமான பகுதிக்குக் கொண்டுபோய் நிறுத்தினால் நாள் முழுக்க அவதி. நான் சொன்னது இவ்வளவு: மாமனாருக்கு 68 வயது, முழங்கால் வலி உண்டு, நீச்சல் தெரியும், ஃப்ளை ராடு பிடித்ததே இல்லை, ஆனால் ஆற்றையும் மீனையும் நன்றாகத் தெரியும். ஆங்கிலம் கொஞ்சம்தான். கண்ணாடி போடுபவர். வலக்கை. இறைச்சி, மீன், முட்டை எதுவும் சாப்பிட மாட்டார். அடிக்கடி கரைக்கு ஒதுங்க வேண்டியிருக்கும். பெரிய மீன் வேண்டும் என்று ஆசையில்லை, நிறைய கடி பார்த்தால் போதும்.

கடைசியில் சொன்னேனே, அதுதான் முக்கியம். எண்ணிக்கையா, பெரிய மீனா, மேற்பரப்பில் வாய் பிளந்து வருவதைப் பார்ப்பதா, கற்றுக்கொள்வதா? நான்கும் வேறு வேறு நாள். நாம் சொல்லாவிட்டால் கைடு தனக்குத் தோன்றியதைச் செய்வார். கழிப்பறை விஷயத்தைச் சொல்லக் கூச்சப்படவே கூடாது. படகு ஏறும் இடத்தில் இருக்கும், இறங்கும் இடத்தில் இருக்கும், நடுவில் ஆறுதான். முன்கூட்டிச் சொன்னால் அதற்கேற்ற பகுதியைத் தேர்ந்தெடுப்பார்கள்.

புல்தரைப் பயிற்சியைப் பற்றித்தான் நான் நிறையச் சொல்ல வேண்டும்.

கிளம்புவதற்குச் சில வாரம் முன்பே வீட்டுக்குப் பின்னால் ஆரம்பித்தோம். 9 அடி 5-வெயிட் ராடு (வெயிட் என்பது லைனின் கனத்துக்கான எண்). மேடிசனுக்கும் அதுதான், காற்று பலமென்றால் 6. லீடர் முனையில் முள்ளுக்குப் பதில் சிவப்புக் கம்பளி நூல். 25, 30, 40 அடியில் மூன்று பேப்பர் தட்டு. அதற்குமேல் தூரம் தேவையில்லை. டிரவுட் மாட்டுவது பெரும்பாலும் 40 அடிக்குள்தான். இணையத்து வீடியோக்களில் ஆட்கள் 80 அடிக்கு வீசுவதைப் பார்த்துவிட்டு அதற்கு முயல்வது நேர விரயம்.

ராடை முன்னால் பத்து மணி, பின்னால் இரண்டு மணி, இந்த இரண்டுக்கும் நடுவில்தான் ஆட்ட வேண்டும். மெதுவாக ஆரம்பித்து, வேகமெடுத்து, சட்டென்று நிறுத்த வேண்டும். நிறுத்தினால்தான் லைன் பறக்கும். பிறகு பின்னால் போன லைன் முழுசாக நீளும் வரை காத்திருக்க வேண்டும். புதிதாக வருகிற எல்லோரும் தடுமாறுவது இந்தக் காத்திருப்பில். தோள்மேல் தலையைத் திருப்பி லைனைப் பார்க்கச் சொன்னேன். மாமா கொஞ்ச நேரம் வீசிவிட்டு, "உங்க அத்தை வாசல் தெளிக்கிற மாதிரில்லா இருக்கு. கை நின்னாத்தான் தண்ணி போகும்" என்றார். பத்து மணி, இரண்டு மணி என்று நான் பேசியதைவிட அவருக்கு அது போதுமானதாக இருந்தது. மறுநாளிலிருந்து 30 அடித் தட்டின் பக்கத்தில் நூல் விழ ஆரம்பித்தது.

ஆனால் அவர் கையில் அறுபது வருஷப் பழக்கம் ஒன்று இருந்தது. தக்கை முங்கினால் கம்பைத் தலைக்குமேல் சுண்டிக் கெண்டையைக் கரைக்குத் தூக்கிப் போடுகிற பழக்கம். 5எக்ஸ் டிப்பெட்டில் அப்படிச் சுண்டினால் நரம்பு அறுந்துவிடும். ராடை லேசாக, ஓட்டத்தின் கீழ்ப்பக்கமாகச் சாய்த்து உயர்த்தினால் போதும். அதைவிடச் சிரமம், மீன் ஓடும்போது லைனை விடுவது. இதற்குப் பேத்தியைத்தான் மீனாக்கினோம். லைனின் முனையை அவள் கையில் கொடுத்து ஓடச் சொல்வேன். அவள் ஓடினால் மாமா விரலைத் தளர்த்தி லைனை விட வேண்டும், அவள் நின்றால் இழுத்துச் சுற்ற வேண்டும், திரும்பி அவரை நோக்கி ஓடிவந்தால் லைன் தொய்யாமல் வேகமாகச் சேர்க்க வேண்டும். ஆற்றில் போடும் முள்ளின் நுனியில், மீன் கழலாமல் பிடிக்கும் எதிர்க்கொக்கி இல்லாததால் லைன் தொய்ந்தால் மீன் கழன்றுவிடும். பேத்திக்கு இது அலுக்கவே இல்லை. எந்த வகுப்பிலும் இவ்வளவு நன்றாக மீனை விட்டுப் பிடிக்கக் கற்றுத்தர மாட்டார்கள் என்பது என் அபிப்பிராயம்.

புல்தரையில் பழக முடியாதது மெண்ட் மட்டும்தான். ஆற்றின் நடு ஓட்டம் வேகம், கரையோரம் நிதானம். பூச்சி கரையோரம் விழுந்தாலும் நடுவில் கிடக்கும் லைனை ஓட்டம் இழுத்துப்போகும். பூச்சியும் கூடவே இழுபடும். இயல்பாக மிதக்காத பூச்சியை டிரவுட் தொடாது. அதனால் லைன் விழுந்த உடனே ராடு நுனியால் அதைத் தூக்கி ஓட்டத்துக்கு எதிர்ப்பக்கம் வளைத்துப் போட வேண்டும். இதற்குத் தண்ணீர் வேண்டும். ஒரு சனிக்கிழமை புரோவோ ஆற்றங்கரையில் முள்ளில்லாமல் இதை மட்டும் பழகினோம். உங்கள் ஊர்ப் பக்கம் ஏதாவது வாய்க்கால் இருந்தாலும் போதும்.

மொழிக்கும் ஒரு பயிற்சி தேவைப்பட்டது. படகின் மூக்கு 12 மணி. "பத்து மணி, முப்பதடி" என்று கைடு சத்தம் போட்டால் இடது முன்பக்கம் 30 அடியில் வீச வேண்டும். மெண்ட் என்றால் லைனை வளை. செட் என்றால் ராடை உயர்த்து. பொய்ப்பூச்சியை வாயில் வாங்கிய டிரவுட் ஒரு விநாடிக்குள் துப்பிவிடும். நான் பின்சீட்டில் இருந்து தமிழில் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தால் மீன் இருக்காது. ஆகவே இந்த நான்கைந்து ஆங்கிலச் சொற்களும் கடிகார எண்களும் மாமாவுக்கு வீட்டிலேயே பழகியாயிற்று. சாப்பாட்டு மேசையில் "மாமா, ரெண்டு மணி!" என்றால் ஊறுகாய் பாட்டிலைக் காட்டுவார்.

சாமான்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ராடும் பூச்சியும் வாங்கிக் குவிக்காதீர்கள். கைடின் பெட்டியில் அந்த ஆற்றுக்கு, அந்த வாரத்துக்கு எது வேண்டுமோ அது இருக்கும். நாம் கட்டாயம் கொண்டுபோக வேண்டியது போலராய்டு கூலிங் கிளாஸ். தண்ணீர்மேல் மினுக்கும் வெளிச்சத்தை அது வெட்டிவிடும், உள்ளே மீன் தெரியும்; பறக்கும் முள்ளிலிருந்து கண்ணையும் காக்கும். பவர் கண்ணாடி போடுகிறவர்களுக்கு அதன்மேலேயே மாட்டிக்கொள்ளும் மாதிரி கிடைக்கிறது, மாமாவுக்கு அதைத்தான் வாங்கினேன். தொப்பி அவசியம். பருத்தி உடுப்பும் ஜீன்ஸும் வேண்டாம். நனைந்தால் காயாது, உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். செப்டம்பர் கடைசியில் காலையில் பனிக்குளிர், மதியம் சட்டைக் கையை மடித்துவிடும் வெயில், மூன்று மணிக்கு மழை என்று ஒரே நாளில் எல்லாம் வரும். தெர்மல், அதன்மேல் ஃப்ளீஸ், அதன்மேல் மழைக்கோட்டு என்று அடுக்கடுக்காகப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகக் கழற்றுவதுதான் வழி. மாமா ஊரிலிருந்து கொண்டுவந்த குரங்குக் குல்லாயைப் போட்டுக்கொண்டார். கதகதப்பாக இருந்தது, ஆனால் கைடு கூப்பிடுவது காதில் விழவில்லை. காதை மூடாத குல்லாய் நல்லது.

இன்னொன்று, கொசு மருந்து. டீட் கலந்த மருந்து பிளாஸ்டிக்கைக் கரைக்கும். கையில் தடவிக்கொண்டு லைனைத் தொட்டால் அதன் பூச்சு போய்விடும். சன்ஸ்கிரீனும் புறங்கையால் பூசினால் உள்ளங்கை சுத்தமாக இருக்கும்.

லைசென்ஸ் விஷயத்தில் குழப்பம் உண்டு. மொன்டானாவுக்கு வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு மீன்பிடி லைசென்ஸ் மட்டும் போதாது. கன்சர்வேஷன் லைசென்ஸ், அயல் நீர்வாழ் உயிரினத் தடுப்புக்கான பாஸ் இரண்டும் கூடவே வேண்டும். ஒரு நாள், ஐந்து நாள், வருஷம் என்று எடுக்கலாம். இது கைடு கட்டணத்தில் சேராது. மாமாவுக்கு நேரில், பாஸ்போர்ட்டோடு என்னிஸில் ஒரு கடைக்குப் போய் வாங்கினோம். யெல்லோஸ்டோன் பூங்காவுக்குள் இந்த லைசென்ஸ் செல்லாது. அங்கே பூங்காவின் தனி அனுமதி வேண்டும், எதிர்க்கொக்கி உள்ள முள் கூடாது, ஈயம் கூடாது, 2018-லிருந்து கம்பளி அடிப்பாகம் உள்ள பூட்ஸும் கூடாது. கையில் இருக்கும் பெட்டியை அப்படியே தூக்கிக்கொண்டு உள்ளே போய்விடாதீர்கள்.

முதல்நாள் இரவு நீரோட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறை ஆற்றில் வைத்திருக்கும் அளவுமானிகளின் கணக்கு இணையத்தில் உடனுக்குடன் கிடைக்கும். மேடிசன் அணைக்குக் கீழ் ஓடும் ஆறு, அதனால் பொதுவாக நிதானம்தான். ஆனாலும் 2021 நவம்பர் 30 அன்று ஹெப்கன் அணையின் மதகில் ஒரு பாகம் உடைந்து நீர்வரத்து திடீரெனப் பாதிக்கும் கீழே விழுந்தது. குட்டைகளில் மாட்டிக்கொண்ட மீன்களை வாளியில் அள்ளி ஆற்றில் விட அக்கம்பக்கத்து மக்கள் குளிரில் ஓடிவந்தார்கள்.

எங்கள் கைடு ஒரு பெண்மணி. மாமா அவரைப் பார்த்துவிட்டு, "இந்தப் பிள்ளையா நம்ம ரெண்டு பேரையும் வச்சுத் துடுப்பு போடப் போவுது?" என்று என் காதில் கேட்டார். ஒரு மணி நேரத்தில், "மாப்ள, கல்லுக்கு நடுவுல என்னமா திருப்புது பாத்தீங்களா" என்று அவரே ஆரம்பித்துவிட்டார். ஓட்டத்தோடு மிதந்து போகும் இந்த டிரிஃப்ட் படகில் நடுவில் கைடு உட்கார்ந்து துடுப்பு போடுவார். முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர். முன்னால் இருப்பவருக்குத்தான் புதுத் தண்ணீர், புது மீன். முதன்முறை வருகிறவரை முன்னால் விடுங்கள். இரண்டு பேரும் ஒரே பக்கம் வீச வேண்டும், பின்னால் இருப்பவர் முன்னவரைப் பார்த்து, அவர் லைன் விழுந்தபின் வீச வேண்டும். கைடின் தலைக்குமேல் லைன் போகவே கூடாது.

எட்டரை மணிக்கு ஆற்றில் இறங்கினோம். குளிர் இன்னும் விடாததால் பூச்சி எழவில்லை, அதனால் நிம்ஃப். பூச்சியின் நீருக்கடிப் பருவத்தைப் போலக் கட்டிய இரண்டு முட்கள், மேலே மிதக்கும் இண்டிகேட்டர். டிரவுட் சாப்பிடுவதில் பெரும்பகுதி தண்ணீருக்கு அடியில்தான். இண்டிகேட்டரைப் பார்த்ததும் மாமா முகம் மலர்ந்தது. "இது நம்ம தக்கைல்லா!"

மெகாட்டீ பாலத்துக்குக் கீழே, கரையிலிருந்து தள்ளி ஒரு பாறை. அதன் பின்னால் தண்ணீர் கொஞ்சம் வழுவழுப்பாக, நிறம் மாறித் தெரிந்தது. "பதினொரு மணி" என்றார் கைடு. மாமா வீசினார்; பாறைக்கு மேலே விழுந்தது. "மெண்ட்." ராடு நுனி ஒரு அரைவட்டம் போட்டது. லைன் மேல்பக்கம் வளைந்தது. ஆரஞ்சு நிற இண்டிகேட்டர் பாறையைச் சுற்றி நுரையோரமாகவே, நுரையின் வேகத்திலேயே வந்தது. ஒரு கணம் நின்ற மாதிரி இருந்தது. முங்கவில்லை, நின்றது, அவ்வளவுதான். கைடு செட் என்று சொல்ல வாயெடுக்கும் முன்பே மாமா ராடைச் சாய்த்துத் தூக்கிவிட்டார். தாமிரபரணிப் பழக்கத்தில் கை சுண்டவில்லை. கண் மட்டும் அந்த ஊர்க் கண்.

வந்தது டிரவுட் இல்லை, மலை வெள்ளைமீன். சின்ன வாய், கெண்டை மாதிரி உடம்பு. இதைப் பிடித்தால் சலித்துக்கொள்கிறவர்கள் உண்டு. எனக்கு அது புரிவதில்லை. இந்த ஆற்றின் பூர்வகுடிகளில் அதுவும் ஒன்று. பிரவுன் டிரவுட் ஐரோப்பாவிலிருந்து வந்தது, ரெயின்போ டிரவுட் மேற்குக் கடற்கரைப் பக்கத்திலிருந்து. இரண்டும் நம்மைப் போல வந்து குடியேறியவைதான். மதியத்துக்குள் மாமா இரண்டு வகையையும் பார்த்துவிட்டார்.

மீனைப் பிடிக்கும் முன் கையை நனைக்க வேண்டும். காய்ந்த கை பட்டால் அதன்மேல் இருக்கும் வழுவழுப்பு போய்விடும், பிறகு பூஞ்சை பிடிக்கும். வலையிலேயே, தண்ணீருக்குள்ளேயே வைத்து முள்ளைக் கழற்ற வேண்டும். போட்டோ எடுப்பதானால் கேமராவைத் தயாராக வைத்துக்கொண்டு, மீனைத் தூக்கி, சில விநாடியில் திரும்பத் தண்ணீரில். பேரப்பிள்ளைக்கு அனுப்பப் படம் வேண்டும் என்று ஆளாளுக்கு மாற்றி மாற்றிப் பிடித்து நிற்காதீர்கள். ஓட்டத்தை நோக்கி மீனின் முகத்தைத் திருப்பிப் பிடித்தால் அதுவாகவே உதறிக்கொண்டு போகும்.

சாப்பாட்டில் கைடு சொன்ன வார்த்தையைக் காப்பாற்றினார்: சீஸும் காய்கறியும் வைத்த ரொட்டி. இருந்தாலும் வீட்டிலிருந்து புளியோதரையும் உருளைக்கிழங்கு பொரியலும் டப்பாவில் கொண்டுபோயிருந்தோம். கைடும் எடுத்துக்கொண்டார்.

மதியத்துக்குமேல் ஒரு தீவுத் திட்டில் படகை நங்கூரமிட்டு இறங்கி நடந்தோம். மேடிசனில் நடப்பது விளையாட்டில்லை. கால்பந்தளவு கற்கள், பாசி, முழங்காலளவு தண்ணீரே ஆளைத் தள்ளும். வேடர்ஸ் என்ற நீர்புகாக் கால்சட்டை போட்டால் இடுப்பில் பெல்ட்டை இறுக்கிக் கட்டியே ஆக வேண்டும். விழுந்தால் உள்ளே தண்ணீர் நிறைவதை அதுதான் தடுக்கும். கைத்தடி ஊன்றி, ஓட்டத்துக்குப் பக்கவாட்டில் நின்று, ஒரு கால் நிலைத்தபின் மறுகால். விழுந்துவிட்டால் எழுந்து நிற்கப் பார்க்காமல், மல்லாந்து காலைக் கீழ்ப்பக்கம் நீட்டி மிதந்து ஆழமில்லாத இடத்துக்கு ஒதுங்க வேண்டும். எத்தனை நீச்சல் தெரிந்தாலும் குளிர்நீரில் மூச்சு அடைக்கும், அதனால் படகில் லைஃப் ஜாக்கெட்டைக் கழற்ற மாமாவை நான் விடவில்லை. பூட்ஸ் அடியில் ஆணி வைத்ததைப் போடுகிறவர்கள் கைடிடம் முன்கூட்டிக் கேளுங்கள். படகின் தரை கீறிவிடும் என்று சிலர் ஏற்ற மாட்டார்கள். அக்டோபர், நவம்பரில் போகிறவர்கள் சரளைக்கல் படுகையில் பளிச்சென்று சுத்தமாகத் தெரியும் திட்டுகளை மிதிக்காதீர்கள், அது முட்டையிட்ட இடம்.

டிப்ஸ் 20 சதவீதம் வழக்கம், ரொக்கமாக, படகு கரை சேர்ந்ததும். மீன் கிடைக்காத நாளிலும் அதே அளவுதான். அவர் துடுப்பு போட்டது குறையவில்லையே. மாமாவுக்கு இந்தக் கணக்கு பிடிக்கவில்லை. ஆனால் அவர் பையிலிருந்து தனியாக ஒரு 20 டாலர் நோட்டை எடுத்து அந்தம்மா கையில் கொடுத்ததையும் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்ததும் பூட்ஸைத் தேய்த்துக் கழுவி முழுசாகக் காயவிட வேண்டும். மேடிசனில் நியூசிலாந்து சேற்று நத்தை இருக்கிறது. சில மில்லிமீட்டர்தான், ஆண் துணை இல்லாமலே பெருகும். பூட்ஸின் மடிப்பில் ஒன்று ஒட்டிக்கொண்டு வந்தாலும் அடுத்த ஆற்றுக்குப் போய்விடும்.

மாமா அடுத்த முறை சால்மன்ஃப்ளை காலத்தில் வர வேண்டும் என்கிறார். அந்தச் சில வாரங்களுக்கு நல்ல கைடுகள் குளிர்காலத்திலேயே பதிவாகிவிடுவார்கள். பூச்சி சரியாக எந்த நாளில் வரும் என்பதை நீரின் சூடுதான் முடிவு செய்யும், நாம் குறித்த தேதி இல்லை. அதனால் ஒரே நாளை நம்பாமல், ஒரு வாரம் அங்கே தங்குகிற மாதிரி வைத்துக்கொண்டு அதில் ஒரு நாளைக் கைடுக்கு ஒதுக்குவதாக இருக்கிறேன். முன்பணம் கட்டும் முன் ரத்து விதியைப் படித்துவிடுங்கள்: வெயில் தடை வந்தால், காட்டுத்தீப் புகை மூடினால், மின்னலடித்துப் பாதியில் திரும்ப நேர்ந்தால் பணம் திரும்புமா, வேறு நாள் கிடைக்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.